மல்லிப்பூ வண்டியும் மஞ்சள் லைட்டும்!

வைகுண்ட ஏகாதசிக்கு முந்தின நாள். விடியக்காலை அஞ்சரை மணி. எட்டரை, கோப்பு பக்கம் ஒவ்வொரு தோட்டமா நின்னு நின்னு பூ மூட்டை ஏத்திக்கிட்டு, ஸ்ரீரங்கம் சாத்தார வீதி மார்க்கெட்டுக்குப் போய்க்கிட்டு இருந்தது எங்க சித்தப்பாவோட பிக்கப். பக்கத்து சீட்டில் தூக்கக் கலக்கத்தோட நான். மார்கழிப் பனியில மல்லி வரத்து குறைவு, அதனால விலை எகிறிக் கிடக்கும். வருஷத்துலயே சித்தப்பா நாலு காசு பார்க்கிற வாரம் அது.

காவிரிப் பாலம் ஏறும்போது வண்டி திடீர்னு சோர்ந்துபோச்சு. ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு மிதிச்சாலும் மாட்டு வண்டி வேகம்தான். பின்னாடி வந்த டவுன் பஸ் அடிச்ச ஹாரன்ல எனக்குத் தூக்கம் சுத்தமா போயிடுச்சு. ஒரு வழியா மாம்பழச்சாலை வந்து ஓரங்கட்டினோம். ஏலம் முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சுத்தான் பூ மார்க்கெட்டுக்குப் போய்ச் சேர்ந்தது. அன்னிக்கு நஷ்டம், வீட்டுல படிக்கிற தம்பியோட செமஸ்டர் ஃபீஸில் பாதி!

"முன்னாடியே எதுவும் காட்டலையா சித்தப்பா?"

அசடு வழியச் சிரிச்சவர், டேஷ்போர்டில் ஒட்டியிருந்த ஒரு சாமி ஸ்டிக்கரை உரிச்சார். அடியில் ஒரு மஞ்சள் லைட்டு எரிஞ்சுக்கிட்டு இருந்தது. "மூணு வாரமா எரியுதுடா... கண்ணைக் கூசுதேன்னு ஒட்டிட்டேன்!"

சிரிக்காதீங்க. திருச்சியில லோடு வண்டி ஓட்டுற எத்தனையோ பேர் வீட்டுல இதே கதை ஓடிக்கிட்டு இருக்கு. எந்தக் கம்பெனி வண்டின்னும் கேட்காதீங்க. இது ஒரு கம்பெனியோட கதை இல்லை.

புகைக்கு ஒரு சல்லடை

2005-ல் டாடா ஏஸ் வந்தது ஞாபகம் இருக்கா? நம்ம ஊர்ல 'குட்டி யானை'ன்னு பேர் வாங்கின அதே வண்டிதான். ரெண்டு சிலிண்டர், 702 சி.சி., 16 குதிரைசக்தி. டர்போகூட கிடையாது. மக்கர் பண்ணினா மரத்தடி மெக்கானிக் அண்ணன் ஒரு ஸ்பேனரை வெச்சே சரி பண்ணிடுவார்.

2020 ஏப்ரல் 1 முதல் நாடு முழுக்க பி.எஸ்-6 விதி வந்ததும் ஆட்டம் மாறிப்போச்சு. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்குக் கக்கலாம்னு அனுமதிச்ச தூசு 25 மில்லிகிராமிலிருந்து 4.5 மில்லிகிராமா குறைஞ்சது. நைட்ரஜன் ஆக்ஸைடு 250-லிருந்து 80 மில்லிகிராம். டீசல்ல இருக்கிற கந்தகம் பத்து லட்சத்துல 50 பங்கா இருந்தது, 10 பங்கா ஆச்சு. லோடு வண்டிகளுக்கும் இதே மாதிரி கடிவாளம்.

இவ்வளவு சுத்தம் சும்மா வருமா? சைலன்ஸருக்கு முன்னாடி டி.பி.எஃப்.னு ஒரு ஃபில்டரை வெச்சாங்க. பீங்கான்ல செஞ்ச தேன்கூடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு குழாயும் ஒரு பக்கம் திறந்திருக்கும், மறுபக்கம் அடைச்சிருக்கும். புகை சுவர் வழியா கசிஞ்சுதான் வெளியே போகணும். கரி உள்ளேயே மாட்டிக்கும்.

மாட்டின கரியை என்ன பண்றது? எரிச்சுடணும். ஃபில்டர் சூடு ஏறத்தாழ 600 டிகிரிக்குப் போனா கரி எரிஞ்சு காலியாயிடும். அந்தச் சூட்டைக் கிளப்ப, இன்ஜின் கம்ப்யூட்டரே கொஞ்சம் டீசலைக் கூடுதலா பீய்ச்சும். இதுக்குப் பேர் 'ரீஜெனரேஷன்'. கால் மணி நேரம், இருபது நிமிஷம் வண்டி நிக்காம ஓடினா வேலை முடிஞ்சுது.

வில்லன் எங்கே வர்றான்னா... அந்த 'நிக்காம' என்கிற வார்த்தையில!

நின்னு நின்னு போனா...

சித்தப்பாவோட ரூட்டைப் பாருங்க. தோட்டத்துக்குத் தோட்டம் நிறுத்தம். இன்ஜினை அணைக்காம மூட்டை ஏத்துறது. வயலூர் ரோடு, தில்லை நகர், சத்திரம்னு சிக்னலுக்குச் சிக்னல் பிரேக். பாலத்தைத் தாண்டினா ஸ்ரீரங்கம் வீதிகள்ல நடை வேகம். அப்புறம் காந்தி மார்க்கெட்ல ஒரு காய்கறி நடை. அங்கே வண்டி ஓடுற நேரத்தைவிட நிக்கிற நேரம்தான் அதிகம். மொத்தத்துல நாள் பூரா இன்ஜின் ஓடும், ஆனா ஒரு தடவைகூட நல்லா சூடேறாது.

இன்ஜின் சும்மா உறுமிக்கிட்டு நிக்கும்போது வர்ற புகையோட சூடு 200 டிகிரியைக்கூட தொடாது. கரி எப்படி எரியும்? கம்ப்யூட்டர் எரிக்க ஆரம்பிக்கும். பாதியிலேயே நாம சாவியைத் திருப்பி அணைச்சுடுவோம். இப்படியே பத்து நாள், இருபது நாள். கரி சேர்ந்துக்கிட்டே போகும். முதல்ல மஞ்சள் லைட்டு எரியும். கண்டுக்கலைன்னா இன்ஜின் தன்னைத்தானே காப்பாத்திக்க சக்தியைக் குறைச்சுக்கும். அன்னிக்குக் காவிரிப் பாலத்துல நடந்தது இதேதான்.

இன்னொரு ஆபத்தும் உண்டு. எரிக்கிறதுக்காகப் பீய்ச்சின டீசல்ல கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியா வழிஞ்சு இன்ஜின் ஆயில்ல கலந்துடும். ஆயில் தண்ணியா நீர்த்துப்போனா பேரிங் தேயும், டர்போ போகும். 'ஆயில் குறையவே இல்ல, கூடத்தான் செஞ்சிருக்கு'ன்னு டிப் ஸ்டிக்கைப் பார்த்து சந்தோஷப்பட்டா... கதை கந்தல்!

"வெட்டிடலாம்ணே!"

வண்டியைக் கட்டி இழுத்துக்கிட்டு அரியமங்கலம் பக்கம் ஒரு ஷெட்டுக்குப் போனோம். மெக்கானிக் அண்ணன் அஞ்சு நிமிஷத்துல தீர்ப்பு சொல்லிட்டார். "உள்ளே இருக்கிற பீங்கானை வெட்டி எடுத்துட்டு, கம்ப்யூட்டர்ல ஒரு தட்டு தட்டிட்டா போதும்ணே. ஜென்மத்துக்கும் இந்த லைட்டு எரியாது!"

சித்தப்பா கண்ணுல ஆசை தெரிஞ்சுது. தெரியாதா பின்னே? அடுத்த வாரம் ஈ.எம்.ஐ. கட்டணும். புது ஃபில்டர் போட்டா லட்சத்தைத் தொடும்னு யாரோ கிளப்பிவிட்டிருந்தாங்க.

ஆனா ஒரு நிமிஷம் யோசிங்க பாஸ். மோட்டார் வாகனச் சட்டத்தோட 52-வது பிரிவு, கம்பெனி பதிவு செஞ்ச அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தக்கூடாதுன்னு சொல்லுது. 2019 திருத்தத்துல வந்த 182-ஏ பிரிவுப்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், இல்லைன்னா ஆறு மாசம் வரை சிறை, இல்லைன்னா ரெண்டுமே. வாரன்ட்டிக்கும் டாட்டா காட்டிட வேண்டியதுதான்.

சட்டத்தை விடுங்க. அந்தக் கரி எங்கே போகும்? டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும்னு உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2012-லேயே உறுதியா அறிவிச்சிருக்கு. சாத்தார வீதியில காலையிலேர்ந்து குத்த வெச்சு உட்கார்ந்து பூ கட்டுற அக்காக்களுக்கு, நம்ம சைலன்ஸர் உயரத்துலதான் மூக்கு இருக்கு!

இதைச் சொன்னதும் சித்தப்பா தலையைக் குனிஞ்சுக்கிட்டார். "வேணாம்ப்பா, சர்வீஸ் சென்டருக்கே போவோம்."

அங்கே லேப்டாப்பைச் சொருகி, வண்டியை நிறுத்தி வெச்சே கரியை எரிச்சாங்க. ஆயிலை மாத்தினாங்க. பில் ஏழாயிரத்துச் சொச்சம். "வாரன்ட்டியில வராதா?"ன்னு கேட்டோம். "நீங்க ஓட்டுற விதம்தான் சார் தப்பு"ன்னு ஒரே வரியில பதில். இதை வண்டி விக்கும்போது சொல்லியிருக்கலாமே சார்?

கங்காரு நாட்டுல தலைகீழ் கதை

இதே டி.பி.எஃப். ஆஸ்திரேலியாவுல ஒரு பிக்கப்பை கோர்ட் வரைக்கும் இழுத்துக்கிட்டுப் போயிருக்கு. வண்டி டொயோட்டா ஹைலக்ஸ். கூடவே பிராடோ, ஃபார்ச்சூனர் டீசல் வண்டிகளும். வெள்ளைப் புகை, அடிக்கடி சர்வீஸ், எகிறுற டீசல் செலவுன்னு ஓனர்கள் புகார் மேல புகார் சொன்னாங்க. 2015 அக்டோபர்லேர்ந்து 2020 ஏப்ரல் வரை வந்த 2,64,170 வண்டிகளுக்காக ஒரே கூட்டு வழக்கு!

நம்ம வண்டி மெதுவா போறதால அடைச்சுது. அங்கே 100 கிலோமீட்டர் வேகத்துல தொடர்ந்து ஓட்டும்போது ஃபில்டர் அமைப்பு ஒழுங்கா வேலை செய்யலை. அப்போ ஓனர் ஓட்டுற விதம் தப்பா, வண்டியோட வடிவமைப்பு தப்பா? 2022 ஏப்ரல்ல ஃபெடரல் கோர்ட் ஓனர்கள் பக்கம் தீர்ப்பு சொல்லுச்சு. வண்டியோட மதிப்பு 17.5 சதவீதம் குறைஞ்சதா கணக்கு போட்டாங்க. 2023 அப்பீல்ல அது 10 சதவீதமாச்சு. 2024 நவம்பர்ல அந்த நாட்டு உயர்ந்த கோர்ட், பிற்பாடு கம்பெனி கொடுத்த தீர்வையும் மனசுல வெச்சு நஷ்டத்தை மறுபடி கணக்கு போடுங்கன்னு அனுப்பிடுச்சு.

நமக்கு இதுல என்ன பாடம்? ஒருத்தர் சொன்னா புலம்பல். ரெண்டரை லட்சம் வண்டிக்கும் சேர்த்து, ஆதாரத்தோட சொன்னா வழக்கு.

"நீங்க நுகர்வோரே இல்ல!"

நம்ம ஊர்ல லோடு வண்டிக்காரர் புகார் கொடுக்கப் போனா முதல் முட்டுக்கட்டை இதுதான். 'நீங்க வியாபாரத்துக்கு வாங்கினீங்க, அதனால நுகர்வோர் இல்ல.' இதைக் கேட்டுட்டு பாதிப் பேர் திரும்பி வந்துடுறாங்க.

வராதீங்க! 1995-ல் கோயம்புத்தூர் பி.எஸ்.ஜி. இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்டை எதிர்த்து லக்ஷ்மி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் போட்ட வழக்குல சுப்ரீம் கோர்ட் ஒரு விஷயத்தைத் தெளிவாக்குச்சு. அந்த வழக்குல மெஷின் வாங்கின கம்பெனி நுகர்வோர் இல்லைன்னுதான் தீர்ப்பு. ஆனா பிழைப்புக்காக லாரியோ ஆட்டோவோ வாங்கி தானே ஓட்டுறவர் நுகர்வோர்தான்னு அதே தீர்ப்புல உதாரணம் காட்டியிருக்காங்க. உதவிக்கு ஒண்ணு ரெண்டு ஆள் வெச்சுக்கிட்டாலும் பிரச்னை இல்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துலயும் சுயதொழிலுக்கு இந்த விலக்கு இருக்கு.

2021 ஏப்ரல்லேர்ந்து வண்டிகளைத் திரும்பப் பெறச் சொல்லுற விதியும் அமல்ல இருக்கு. ஒரே குறையை குறிப்பிட்ட எண்ணிக்கையில ஓனர்கள் பதிவு செஞ்சா அரசே கம்பெனியைக் கேட்கலாம். ஆனா அந்தக் குறை சுற்றுச்சூழலுக்கோ, வண்டியில போறவங்களுக்கோ, ரோட்ல போறவங்களுக்கோ ஆபத்தா இருக்கணும். வெறும் செலவுக் கணக்கு அங்கே எடுபடாது. அதுக்கு நுகர்வோர் ஆணையம்தான்.

லோடு வண்டி வீட்டுப் பிள்ளைகளுக்கு...

உங்க வீட்டிலும் ஒரு வண்டி நிக்குதா? காலேஜ் ஃபீஸ் அதுலேர்ந்துதான் வருதா? அப்போ இந்த வேலை உங்களோடது.

* வண்டியோட கையேட்டை நீங்க படிங்க. எந்த லைட்டு எதுக்குன்னு அப்பாவுக்கு எடுத்துச் சொல்லுங்க. பெட்டிக்குள்ள புள்ளி புள்ளியா இருக்கிற படம்தான் டி.பி.எஃப்.

* அந்த லைட்டு எரிஞ்சா, கையேட்டுல சொன்னபடி சீக்கிரமே பைபாஸ்ல ஒரு ஓட்டம். சிவப்பு லைட்டு எரிஞ்சாலோ, சக்தி குறைஞ்சாலோ ஓட்டக் கூடாது. நேரா சர்வீஸ்.

* ஆயில் கம்பெனி சொன்ன வகைதான். மலிவா கிடைக்குதேன்னு மாத்தினா சாம்பல் சேரும். கரி எரியும், சாம்பல் எரியவே எரியாது.

* ஒவ்வொரு தடவையும் ஜாப் கார்டு வாங்குங்க. புகாரை அப்பா சொன்ன வார்த்தையிலேயே அதுல எழுதச் சொல்லுங்க. தேதி, கிலோமீட்டர், லைட்டோட போட்டோ மூணும் முக்கியம்.

* தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட ஆணையத்துல பிரச்னை ஆரம்பிச்சு ரெண்டு வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கணும். குடியிருக்கிற ஊர்லேயே கொடுக்கலாம். கொடுத்த விலை 5 லட்சம் வரைன்னா கட்டணமே கிடையாது.

* புது வண்டி வாங்கப் போறீங்களா? ஊருக்குள்ளேயே குட்டிக் குட்டி நடைதான்னா பெட்ரோல், சி.என்.ஜி., எலெக்ட்ரிக் மினி டிரக்கையும் விசாரிங்க. டீசல் கரியை எரிக்கிற தலைவலி அதுல கிடையாது.

சித்தப்பா இப்போ வியாழக்கிழமை தோறும் பெரம்பலூருக்கு ஒரு காய்கறி லோடு எடுத்துக்கிட்டார். சமயபுரம் தாண்டி, பாடாலூர் தாண்டி, நிக்காம ஒரே ஓட்டம். ஃபில்டருக்கும் சுத்தம், கைக்கும் காசு. டேஷ்போர்டில் சாமி படம் இன்னும் இருக்கு. ஆனா லைட்டு மேல இல்லை, பக்கத்துல. அடியில் ஒரு நாற்பது பக்க நோட்டு. அதுல தம்பியோட கையெழுத்துல தேதி, கிலோமீட்டர், புகார்.

போன வாரம் போன் பண்ணினப்போ பெருமையா சொன்னார்: "டேய், நம்ம மெக்கானிக் தம்பி வண்டியிலேயும் அந்த லைட்டு எரிஞ்சுதாம். என்னண்ணே பண்றதுன்னு என்கிட்டயே கேட்டான்டா!"