துணைப்பயிருக்கும் கணக்கு உண்டு

தாமிரபரணிப் பாசனத்தில் நெல் வயலின் வரப்பில் உளுந்தோ தட்டைப்பயறோ ஊன்றுவது வீட்டுச் செலவுக்கு மட்டும் உதவுவதில்லை. பயற்றுச் செடியில் சேரும் அசுவினி நெல்லுக்குப் போகாது. அதைத் தின்ன வரும் பொறிவண்டுகளோ அங்கே பெருகி, நெல்லில் உள்ள புகையான் குஞ்சுகளையும் பிடித்துத் தின்னும். இந்த அறிவு காய்கறித் தோட்டத்துக்கும் வர வேண்டும். ஆனால் எந்தப் பூச்சிக்கு எந்தச் செடி, அதை எங்கே, எப்போது நடுவது என்ற கணக்கோடு வந்தால்தான் பலன் உண்டு.

தக்காளிக்குக் கேந்தி நல்ல துணை என்பார்கள்; அதன் வாசம் பூச்சியை விரட்டும் என்று காரணமும் சொல்வார்கள். காய்ப்புழு விஷயத்தில் நடப்பது நேர்மாறு. தாய் அந்துப்பூச்சி கேந்தியை நாடி வந்து அதன் மொட்டிலும் பூவிலும் முட்டையிடுகிறது. அதனால் தக்காளி தப்பிக்கிறது. பெங்களூரு இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிந்துரைப்படி, 16 வரிசை தக்காளிக்கு ஒரு வரிசை கேந்தி போதும். 25 நாள் தக்காளி நாற்றோடு 40 நாள் கேந்தி நாற்றை நட வேண்டும். இரண்டும் ஒரே சமயத்தில் பூக்கத்தான் இந்த 15 நாள் வித்தியாசம். பூக்கும் காலம் தவறினால் புழு தக்காளிக்கே போய்விடும். பூத்த பிறகும் மொட்டைப் பிரித்துப் பார்த்துப் புழுவைப் பொறுக்கி அழிக்க வேண்டும். சும்மா விட்டால் பொறிப்பயிரே புழுவுக்கு நாற்றங்கால் ஆகிவிடும்.

பாவூர்சத்திரம் சந்தைக்குக் காய் அனுப்புகிறவர், ஒரு வரிசையை விட்டுக்கொடுப்பது நட்டமில்லையா என்று கேட்பது நியாயம்தான். 17 வரிசையில் ஒன்று என்பது சுமார் 6 சதவீதம். அந்த இடத்தில் விளையும் பூவுக்கும் விலை உண்டு. புழு குறைந்தால் மருந்துச் செலவும் குறையும். மருந்தே போதுமே என்றால், அது பொறிவண்டையும் சேர்த்தே கொல்கிறது. துணைப்பயிர் பற்றி மிகைப்படுத்திச் சொல்லப்படுபவையும் உண்டு என்பதை மறுக்க முடியாது. பயறு பக்கத்துச் செடிக்கு உடனே தழைச்சத்து ஊட்டும் என்பது அப்படி ஒன்று. வேர் முடிச்சில் சேரும் சத்தில் பெரும்பகுதி, அந்த வேரும் தழையும் மண்ணில் மட்கிய பிறகே அடுத்த பயிருக்குக் கிடைக்கும். வேர்முடிச்சு நூற்புழுவைக் கேந்தி அடக்கும் என்பது உண்மை. ஆனால் அதற்குப் பாத்தி முழுவதும் நெருக்கமாக ஒரு பருவம் வளர்க்க வேண்டும், மூலைக்கு ஒரு செடி போதாது. எனவே பத்துச் செடிகளைக் கலந்து நடுவதைவிட, தோட்டத்தை அதிகம் வாட்டும் ஒரு பூச்சியைக் கண்டறிந்து அதற்கான துணையை மட்டும் நட்டு, பலனைக் காய் பறிக்கும்போது எண்ணிப் பார்ப்பதே சரியான தொடக்கம்.