வான்வழியும் காலமும்

இலண்டன் மாநகரின் ஹீத்ரோ விமான நிலையத்திற்கும் நியூயார்க்கு நகரின் கென்னடி விமான நிலையத்திற்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 5,540 கிலோமீட்டர். இலண்டனிலிருந்து நியூயார்க்கு செல்லக் கால அட்டவணையில் எட்டு மணி நேரம் அளவில் குறித்திருப்பர். மீண்டு வருவதற்கோ ஏழு மணி நேரமே குறித்திருப்பர். தொலைவு ஒன்றாயிருக்கக் காலம் வேறுபடுவது ஏன்?

முதற்கண் தொலைவைப் பற்றிச் சிறிது அறிதல் வேண்டும். மாலுமிகள் கையாளும் உலகப் படத்தில் இவ்விரு நகரங்களையும் நேர்கோட்டால் இணைத்தால், அக்கோடே குறுகிய வழி எனத் தோன்றும். அது பொருந்தாது. உலகம் உருண்டை; படமோ தட்டை. உலக உருண்டை ஒன்றின்மேல் ஒரு நூலை இழுத்துப் பிடித்துப் பாருங்கள். நூல் வடபால் ஒதுங்கி, அயர்லாந்து, நியூபவுண்டுலாந்து ஆகியவற்றின் பக்கமாகச் செல்லும். மேற்கூறிய தொலைவு இந்நூல் வழியே அளந்ததாகும். படத்து நேர்கோட்டின்வழிச் சென்றால் 200 கிலோமீட்டருக்கு மேல் மிகும்.

இனிக் காலத்திற்கு வருவோம். தரைக்கு மேல் ஒன்பது முதல் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில், மேற்கிலிருந்து கிழக்கு நோக்கி விரைந்தோடும் காற்று ஒன்று உண்டு. அதனை ஜெட் காற்றோட்டம் என்பர். மேற்கிலிருந்து வரும் காற்றை நம் முன்னோர் கோடை என்றனர். ஆயினும் இது வெப்பமான கோடையன்று, உறையும் குளிருடையது. வெப்ப நாட்டுக் காற்றுக்கும் துருவப் பகுதிக் காற்றுக்கும் உள்ள வெம்மை வேறுபாட்டால் இது பிறக்கிறது. குளிர்காலத்தில் அவ்வேறுபாடு மிகுதலின் காற்றும் வலிமை மிகுகிறது.

விமானம் காற்றிடையே மணிக்கு 900 கிலோமீட்டர் செல்வதாகவும், காற்று மணிக்கு 150 கிலோமீட்டர் வீசுவதாகவும் கொள்வோம். கிழக்கே வரும்போது விரைவு 1,050. மேற்கே செல்லும்போது 750. முன்னதற்கு ஏறத்தாழ 5 மணி 17 நிமிடமும், பின்னதற்கு 7 மணி 23 நிமிடமும் ஆகும். தரையில் ஊர்தற்கும் ஏறி இறங்குதற்கும் ஆகும் நேரம் இதனினும் வேறு.

போகையில் இழந்ததை வருகையில் ஈடு செய்துவிடலாம் அன்றோ எனச் சிலர் வினவலாம். கணக்கிட்டுப் பாருங்கள். காற்றே இல்லையாயின் போக்குவரவு இரண்டிற்கும் 12 மணி 19 நிமிடம் போதும். காற்று வீசினால் 12 மணி 40 நிமிடம் ஆகிறது. எதிர்காற்றில் விமானம் நெடுநேரம் நிற்க வேண்டியிருத்தலின் இழப்பே மிகுகிறது. ஆதலின் வழி வகுப்போர் நாள்தோறும் காற்றின் நிலையை ஆராய்ந்து, கிழக்கே வரும் விமானங்களைக் காற்றின் நடுவேயும், மேற்கே செல்வனவற்றை அதனை விலக்கியும் செலுத்துகின்றனர். சுற்றுவழியாயினும் காலமும் எரிபொருளும் மிஞ்சும்.

2020 பிப்ரவரியில் கடும்புயலை ஒட்டி இக்காற்று பெருவலிமை கொண்டது. அப்போது நியூயார்க்கிலிருந்து புறப்பட்ட பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஒன்று 4 மணி 56 நிமிடத்தில் இலண்டனை அடைந்தது. தரையை நோக்க அதன் விரைவு மணிக்கு 1,300 கிலோமீட்டரைக் கடந்தது. ஒலியின் விரைவை அது மிஞ்சிற்றோ எனின், இல்லை; தன்னைச் சூழ்ந்த காற்றினூடே அது வழக்கமான விரைவிலேயே பறந்தது. மிகுதியைக் காற்றே சுமந்து வந்தது.