பேக்பைப் செய்த கைகளும் மரம் கொடுத்த காடும்



ஜனவரி 26 அணிவகுப்பை டி.வி.யில் பார்த்திருப்பீர்கள். கையிடுக்கில் ஒரு பை, தோளுக்கு மேலே மூன்று குழல் என்று ராணுவ பேண்டுக்காரர்கள் ஒரு வாத்தியம் வாசித்துக்கொண்டே நடப்பார்கள். ஒரு குழுக் கூட்டத்தில் இந்தப் பேச்சு வந்தபோது, "அந்தப் பைக்குள்ளே என்னங்க இருக்கு?" என்று ஒரு அக்கா கேட்டார். காத்துதான்! அதன் பெயர் பேக்பைப். ஸ்காட்லாந்து நாட்டுக்காரர்கள் பெரிதாக வளர்த்த வாத்தியம் இது. வெள்ளைக்காரன் பட்டாளத்தோடு நம் நாட்டுக்கு வந்தது.

வாயால் ஊதிப் பையை நிரப்பி, முழங்கையால் அமுக்க வேண்டும். அதனால் வாசிப்பவர் மூச்சு வாங்கும்போதும் சத்தம் நிற்காது. விரல் வைத்து வாசிக்கும் குழலில் 9 சுரம். தோளில் சாய்ந்திருக்கும் மூன்றும் நம்ம நாதசுரத்துக்கு ஒத்து பிடிப்பது மாதிரி ஒரே சுரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இதைச் செய்தவர்கள் மரக் கடைசல்காரர்கள். எடின்பரோ நகரில் கோட்டைக்குப் போகிற மேட்டுத் தெருவில் 18-ஆம் நூற்றாண்டின் பின்பாதியில் ஹியூ ராபர்ட்சன் என்பவர் பட்டறை வைத்திருந்தார். 1781-ல் ஸ்காட்லாந்தில் பேக்பைப் வாசிப்புப் போட்டி தொடங்கியது. ஜெயித்தவருக்குப் பரிசே ஒரு புது பைப்தான். அந்தப் பரிசு பைப்புகளைப் பல வருஷம் செய்து கொடுத்தவர் இவர். அவர் பெயர் குத்திய பழைய பைப்புகளை இன்றும் பொன்போலப் பாதுகாக்கிறார்கள்.

வேலை சுலபமில்லைங்க. மரத்தை அறுத்து, நடுவில் துளை போட்டு, அப்படியே மாதக்கணக்கில், சில சமயம் வருஷக்கணக்கில் காயப் போடுவார்கள். காயும்போது மரம் வளையும். மறுபடி துளையைச் சரிசெய்து, பிறகுதான் கடைசல். அவசரப்பட்டால் பின்னாடி விரிசல் விட்டுவிடும். பை, ஆட்டுத் தோல். மெழுகு தடவிய நூலால் நெருக்கமாகத் தைத்தால்தான் காற்று கசியாது. சீவாளிக்குத் தெற்கு ஐரோப்பாவில் வளரும் நாணல். குழல்களுக்கு வளையம் போட யானைத் தந்தம். 1989-ல் தந்த வியாபாரத்துக்கு உலக அளவில் தடை வந்தது. நல்லதுதான்.

முதலில் அவர்கள் ஊர் மரத்தில்தான் செய்தார்கள். கப்பல் வியாபாரம் பெருகியதும் கரீபியன் தீவுகளிலிருந்து மரம் வந்தது. அதன்பிறகு ஆப்பிரிக்காவின் 'ம்பிங்கோ' என்ற கருமரம். நம்ம ஈட்டி மரத்துக்குச் சொந்தம். தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அவ்வளவு கனம். வெட்டுகிற அளவுக்கு வளர 60, 70 வருஷம் ஆகும். பாட்டி காலத்துக் கன்று பேத்தி காலத்தில்தான் மரம். இன்றும் ஸ்காட்லாந்தில் நல்ல பைப் என்றால் இந்த மரம்தான்.

பைப்பில் செய்தவர் பெயர் இருக்கும். மரம் வளர்ந்த ஊரின் பெயர் எங்கும் இருக்காது. பணமும் அப்படித்தான். வாத்தியத்துக்கு விலை உண்டு, வியாபாரிக்கு லாபம் உண்டு, காட்டை ஒட்டி வாழ்கிற ஏழைகள் கைக்கு வந்தது மிகக் கொஞ்சம். தன்னுடையது என்ற உரிமையே இல்லாத காட்டை யார் காப்பாற்றுவார்கள்?

டான்சானியா நாட்டில் 2002-ல் ஒரு வனச் சட்டம் வந்தது. கிராமம் தன் எல்லைக்குள் இருக்கும் காட்டைத் தானே பொறுப்பெடுத்துக்கொள்ளலாம், மரம் விற்ற பணமும் கிராமத்துக்கே. கில்வா மாவட்டத்தில் கிகோலே, கிசாங்கி என்ற இரண்டு கிராமங்கள் ஒரு தொண்டு நிறுவனத்தின் துணையோடு இதைச் செய்தன. 2009-ல் அந்தக் காடுகளுக்கு, முறையாகப் பராமரிக்கப்படும் காடு என்ற சர்வதேசச் சான்றிதழ் கிடைத்தது. ஆப்பிரிக்காவில் மக்களே நடத்தும் இயற்கைக் காட்டுக்கு அப்படிக் கிடைத்தது அதுதான் முதல் தடவை.

சான்றிதழ் வாங்குவதற்கு, நம்ம குழுவுக்குத் தரம் போடும்போது கேட்பதுபோலவே நோட்டு கேட்பார்கள். காட்டில் எத்தனை மரம் இருக்கிறது, எத்தனை வெட்டலாம் என்று முதலில் கணக்கெடுக்க வேண்டும். வெட்டிய ஒவ்வொரு கட்டையும் எந்தக் காட்டிலிருந்து வந்தது என்று வாத்தியப் பட்டறை வரைக்கும் எழுத்தில் இருக்க வேண்டும்.