பழைய சிடி டிரைவுக்குள் ஒரு விமான மோட்டார்

அம்பத்தூர், ஆவடிப் பக்கத்துக் காயலான் கடையில் பழைய சிடி டிரைவ் கண்ணில் பட்டால் விடாதீர்கள். வட்டைச் சுழற்றும் சிறு மோட்டார் அதற்குள் இருக்கிறது. கம்பியையும் காந்தத்தையும் மாற்றினால் அது ஒரு சின்ன மாதிரி விமானத்தையே தூக்கும். ரெடிமேட் மோட்டார்கள் விலை உயர்ந்திருந்த 2000களின் தொடக்கத்தில் பல நாட்டு ஆர்வலர்கள் இப்படித்தான் விமானம் பறக்கவிட்டார்கள்.

இந்த மோட்டாரில் கார்பன் பிரஷ் கிடையாது. காயில் சுற்றிய இரும்புப் பற்கள் நடுவில் அசையாமல் நிற்க, காந்தம் ஒட்டிய வெளிக்கிண்ணம் சுழலும். பிஎல்டிசி மின்விசிறிக்கும் இதே தத்துவம்தான். எந்தக் காயிலுக்கு எப்போது மின்சாரம் என்பதை ஈஎஸ்சி என்ற சர்க்யூட் முடிவு செய்கிறது. மோட்டாரின் மூன்று ஒயர்களில் இரண்டில் மின்சாரம் ஓடும்போது, சும்மா இருக்கும் மூன்றாவதில் எழும் மின்னழுத்தத்தை வைத்தே காந்தம் எங்கே இருக்கிறது என்று அது கணித்துவிடும். அழகான ஏற்பாடு!

பெரும்பாலும் 9 பற்கள், 12 காந்த முனைகள் இருக்கும். பழைய மெல்லிய கம்பியைப் பிரித்துவிட்டுத் தடித்த எனாமல் கம்பியைச் சுற்ற வேண்டும். 1, 4, 7-ஆம் பற்கள் ஒரு பேஸ் (phase). 2, 5, 8 அடுத்தது. 3, 6, 9 மூன்றாவது. ஒன்பதிலும் சுற்றும் திசை ஒன்றே. சுற்று குறைந்தால் வேகம் கூடும், இழுக்கும் ஆம்பியரும் கூடும்.

வேலை கெடுவது பெரும்பாலும் பல்லின் ஓரத்தில்தான். கூர்மையான தகட்டு விளிம்பு எனாமலைக் கீறினால் கம்பி இரும்பைத் தொட்டுவிடும். காயில் கட்டும் கடைக்காரர்கள் 'பாடி ஷார்ட்' என்பது இதைத்தான். விளிம்பை அரத்தால் மழுக்கி, எபாக்ஸி பூசிக் காயவைத்த பிறகே சுற்றுங்கள். ஒவ்வொரு பேஸ் முடிந்ததும் கம்பி இரும்பைத் தொடுகிறதா என்று மல்டிமீட்டரில் பாருங்கள்.

கிண்ணத்தில் இருக்கும் காந்த வளையத்துக்குப் பதில், மெல்லிய நியோடிமியம் துண்டுகள் பன்னிரண்டை வடக்கு, தெற்கு என்று மாற்றி மாற்றி ஒட்ட வேண்டும். இழுக்கும் விசை பெரிதும் கூடுவது இங்கேதான். காந்தத்துக்கும் பல்லுக்கும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சிறு பங்குதான். அதனால் புரொப்பெல்லருக்காகப் போடும் புது ஷாஃப்ட்டும் அதைத் தாங்கும் பேரிங் கூடும் இம்மியும் கோணக்கூடாது. நல்ல லேத் பட்டறைக்குப் பஞ்சமில்லாத ஊர் அம்பத்தூர், அங்கே கேளுங்கள்.

இன்று ரெடிமேட் மோட்டார் மலிவுதான். ஆனாலும் மின்காந்தவியலை விரல் நுனியில் கற்றுத்தர இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை.

மோட்டாரின் முதல் ஓட்டத்தைப் புரொப்பெல்லர் மாட்டாமல் பாருங்கள். பறக்கவிடும் இடத்திலும் கவனம் தேவை, ஆவடியில் விமானப்படை நிலையம் இருக்கிறது. பறக்கவிடும் முன் அரசின் ட்ரோன் வான்வெளி வரைபடத்தில் உங்கள் இடத்தைக் கட்டாயம் சரிபாருங்கள்.