ஜெனரேட்டர் திணறும் அந்த அரை நொடி

கரண்ட் போய்விட்டது. 1 கேவிஏ ஜெனரேட்டர் ஒன்று வாசலில் ஓடுகிறது. பல்புகள் எரிகின்றன, மூன்று மின்விசிறிகள் சுற்றுகின்றன, டிவிகூடப் பாடுகிறது. ஃபிரிட்ஜைப் போட்டதும் எஞ்சின் முனகுகிறது, பல்புகள் மங்குகின்றன, எல்லாம் அடங்கிவிடுகிறது. இத்தனைக்கும் ஓடும் ஃபிரிட்ஜ் எடுப்பது 150 வாட் அளவுதான். இரண்டு மின்விசிறிகள் சேர்ந்தாலே அதே அளவை எடுக்கும்.

ஃபிரிட்ஜின் கம்ப்ரசருக்குள் இருப்பது தூண்டல் மோட்டார். அதன் வெளிக் காயிலில் மின்சாரம் பாய்ந்ததும் உள்ளே ஒரு காந்தப்புலம் சுழலத் தொடங்குகிறது. நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் அது நிமிடத்துக்கு 3,000 சுற்று வரை போகும். நடுவில் உள்ள ரோட்டருக்கு எந்தக் கம்பி இணைப்பும் கிடையாது. சுழலும் புலம் கடந்து போவதாலேயே அதற்குள் மின்னோட்டம் பிறக்கிறது. ஃபாரடே 1831இல் கண்டறிந்த அதே தூண்டல். ரோட்டர் அசையாமல் நிற்கும் முதல் கணத்தில் புலம் முழு வேகத்தில் அதைக் கடக்கிறது. அப்போது பிறக்கும் மின்னோட்டம் உச்சம். அதற்கு ஈடாக வெளிக் காயிலும் வழக்கத்தைவிட ஐந்து, ஆறு மடங்கு ஆம்பியரை இழுக்கிறது. ரோட்டர் வேகம் பிடித்துப் புலத்தோடு ஏறக்குறையச் சேர்ந்து ஓடியதும் வேக வித்தியாசம் சுருங்கி, மின்னோட்டம் இறங்கிவிடும். மோட்டார் தன் சுழற்சியாலேயே தன் பசியை அடக்கிக்கொள்கிறது!

தேர் நிலையை விட்டு நகரத்தானே ஆள் அதிகம் வேண்டும் என்று சொல்லத் தோன்றும். பாதிதான் சரி. தேரின் சிக்கல் பாரம். மோட்டாரில் பாரமே மாட்டாவிட்டாலும் முதல் பாய்ச்சல் அதே அளவுதான். பாரம் இருந்தால் அது நீடிக்கும், அவ்வளவே. மின்விசிறியும் மோட்டார்தானே என்று கேட்கலாம். அதன் மெல்லிய கம்பிச் சுருள் நின்ற நிலையிலும் அதிகம் இழுக்க விடாது.

மின்வாரியக் கம்பியில் இந்தப் பாய்ச்சலை யாரும் கவனிப்பதில்லை. அதன் பின்னால் ஆயிரக்கணக்கான மெகாவாட் நிற்கிறது. சிறிய ஜெனரேட்டரின் பின்னால் இருப்பதோ ஒரு பிஸ்டனும் ஒரு ஃப்ளைவீலும். பாய்ச்சல் வந்ததும் வோல்டேஜ் சரிகிறது. வினையே அங்கேதான். இந்த மோட்டாரின் முறுக்குவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 230 வோல்ட் 160ஆக இறங்கினால் விசை பாதியாகிவிடும். விசை போதாமல் ரோட்டர் நின்றே இருக்கும். நிற்பதால் மின்னோட்டம் குறையாது, அது குறையாததால் வோல்டேஜும் ஏறாது. அப்படியே விட்டால் காயில் கருகும்.

ஆகவே கருவிகளின் வாட்டைக் கூட்டி அந்த அளவுக்கு ஜெனரேட்டர் வாங்கினால் ஏமாற்றம்தான். எல்லா மோட்டார்களின் பாய்ச்சலையும் கூட்டினாலோ வீண்செலவு. எல்லாம் ஒரே நொடியில் கிளம்புவதில்லை. ஓடும் வாட்டையெல்லாம் கூட்டிவிட்டு, இருப்பதிலேயே பெரிய மோட்டாரின் கூடுதல் பாய்ச்சலை மட்டும் சேர்க்க வேண்டும். நாலு எல்இடி பல்புக்கு 36 வாட், மூன்று மின்விசிறிக்கு 225, டிவிக்கு 100, ஃபிரிட்ஜுக்கு 150. மொத்தம் 511. ஃபிரிட்ஜ் கிளம்ப இன்னும் 750 போட்டால் 1,261. விலைப்பட்டியலில் எழுதியிருப்பது கேவிஏ, அதை 0.8ஆல் பெருக்கினால் கைக்குக் கிடைக்கும் கிலோவாட் ஏறக்குறைய வரும். 1 கேவிஏ என்றால் 800 வாட்தான், திணறியதில் வியப்பில்லை. 2 கேவிஏவில் 1,600 கிடைக்கும்; இந்த வீட்டுக்குப் போதும். அதிலும் ஃபிரிட்ஜை முதலில் கிளப்பிவிட்டு மற்றதைப் போடுவது நல்லது. அயர்ன் பாக்ஸுக்கும் கெய்சருக்கும் பாய்ச்சல் இல்லை, ஆனால் 1,000, 2,000 வாட் என்று விழுங்கிக்கொண்டே இருக்கும். அவற்றை மறந்துவிடுவதே புத்தி. இன்வெர்ட்டர் வகை ஃபிரிட்ஜும் ஏசியும் மெல்ல வேகமேற்றுபவை, தொல்லை குறைவு.

எதற்கும் பெரிதாக வாங்கிவிடலாமே என்பவர்கள் உண்டு. 5 கேவிஏவில் மூன்று விசிறியை மட்டும் ஓட்டினால் எஞ்சினைச் சுழற்றுவதற்கே பெட்ரோல் போகும். டீசல் எஞ்சின் என்றால் அரைகுறையாய் எரிந்தது புகைக்குழாயில் கரியாகப் படியும்.

போர்வெல் மோட்டார் இருந்தால் கணக்கே வேறு. 1 எச்.பி. என்பது தண்டில் கிடைக்கும் 746 வாட். மோட்டார் இழுப்பது ஆயிரத்துக்கு மேல். அதைக் கிளப்ப, ஜெனரேட்டரின் வகையைப் பொறுத்து 3 முதல் 5 கேவிஏ வரை வேண்டும். 2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்து லட்சத்துக்கும் மேற்பட்ட மின்கம்பங்களைச் சாய்த்தபோது, டெல்டா ஊர்களில் தண்ணீர்த் தொட்டி நிரப்பவும் வாடகை ஜெனரேட்டர்கள் தேவைப்பட்டன.

அளவு சரியாக அமைந்தாலும், ஜெனரேட்டர் வயரைச் சுவர் ப்ளக்கில் செருகி வீடு முழுக்க ஓட்டும் பழக்கம் ஆளைக் கொல்லும். டிரான்ஸ்ஃபார்மருக்கு முன் பின் தெரியாது. 11,000 வோல்ட்டைக் குறைத்து நமக்கு 230ஆகத் தரும் அதே பெட்டி, இந்தப் பக்கமிருந்து போகும் 230ஐ 11,000ஆக்கிக் கம்பத்துக்கு அனுப்பும். கரண்ட் இல்லை என்று நம்பி லைன்மேன் அங்கே ஏறியிருப்பார். சேஞ்ச்ஓவர் சுவிட்ச் இல்லாமல் இணைக்காதீர்கள். ஜெனரேட்டரின் புகையும் ஆபத்துதான். அதில் வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமோ நிறமோ இல்லை. ஹீமோகுளோபினை அது ஆக்சிஜனைவிட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாகப் பற்றிக்கொள்ளும். மழைக்குப் பயந்து வராண்டாவிலோ மாடிப்படிக்கு அடியிலோ ஜெனரேட்டரை வைக்காதீர்கள். ஜன்னல்களிலிருந்து தள்ளி, வெட்டவெளியில், மேலே கூரை மட்டும் போட்டு ஓட்டுங்கள்.