மின்விசிறி சுழல்கிறது, காற்று வரவில்லையே, ஏன்?

மார்ச் மாதம் பிறந்ததும் தில்லியிலும் லக்னோவிலும் ஜெய்ப்பூரிலும் பல இல்லங்களில் ஒரே காட்சியைக் காணலாம். குளிர்காலம் முழுவதும் ஓய்ந்திருந்த கூரை மின்விசிறியை முதன்முறையாக இயக்குகிறோம். விசிறி சுழல்கிறது, ஆனால் சென்ற கோடையில் வீசிய காற்று இல்லை. மும்பை போன்ற கடற்காற்று நகரங்களில் விசிறிக்கு ஓய்வே கிடையாது. அங்கே குறை சிறிது சிறிதாகச் சேர்கிறது. ஒருநாள் நள்ளிரவில் வியர்வையில் நனைந்து விழித்துக்கொள்ளும்போதுதான் அதை உணர்கிறோம்.

உடனே புதிய விசிறி வாங்கிவிடலாம் என்று முடிவு செய்வது எளிது. ஆயினும், பல வேளைகளில் நூறு ரூபாய்க்குள் கிடைக்கும் ஓர் உறுப்பை மாற்றினாலோ, ஈரத்துணியால் துடைத்தாலோ பழைய காற்று திரும்பிவிடும். மாறாக, பழுதுபார்க்கவே கூடாத விசிறிக்குத் திரும்பத் திரும்பச் செலவு செய்பவர்களும் உண்டு. இவ்விரு இழப்புகளையும் தவிர்க்க, காரணத்தை முறையாகக் கண்டறியும் வழியை இங்கே காண்போம்.

முதற் கேள்வி: குறைந்தது வேகமா, காற்றா?

இவை இரண்டும் வெவ்வேறு குறைகள். விசிறி மெதுவாகச் சுழன்றால் குறை மின்சாரத்திலோ மோட்டாரிலோ இருக்கிறது. வேகமாகச் சுழன்றும் காற்று வரவில்லையெனில் குறை இறக்கையிலோ, விசிறி மாட்டப்பட்ட இடத்திலோ இருக்கிறது. இதைப் பிரித்தறிந்தால் பாதி வேலை முடிந்தது.

நம் நாட்டு இல்லங்களில் பெரும்பாலும் காணப்படுவது 1200 மில்லிமீட்டர் விட்டமுள்ள விசிறி. முழு வேகத்தில் அது நிமிடத்திற்குச் சுமார் 350 முதல் 400 முறை சுழலும். இதை வீட்டிலேயே கணக்கிடலாம். விசிறியை நிறுத்தி, ஓர் இறக்கையின் அடியில் வண்ணக் காகிதத் துண்டு ஒன்றை ஒட்டுங்கள். பின்னர் முழு வேகத்தில் இயக்கி, கைப்பேசியின் மெதுஓட்டக் காணொளியில் பதிவு செய்யுங்கள். ஒரு விநாடி நேரப் பதிவில் அந்தக் காகிதம் ஆறு முறை சுற்றி வந்தால் வேகம் சரியாக உள்ளது. நான்கு முறைதான் சுற்றுகிறது என்றால் வேகம் குறைந்துவிட்டது. வேகம் குறைந்த அளவுக்கு ஏறத்தாழக் காற்றும் குறையும்.

வேகம் குறைந்திருந்தால்

முதலில் மற்ற அறைகளைப் பாருங்கள். எல்லா விசிறிகளும் ஒரே நேரத்தில், குறிப்பாக மாலையில், மெதுவாகச் சுழன்றால் குறை விசிறியில் இல்லை, மின்னழுத்தம் தாழ்ந்திருக்கிறது. 230 வோல்ட்டுக்கென அமைக்கப்பட்ட மோட்டார் 180 வோல்ட்டில் தன் வேகத்தை இழக்கும். அண்டை வீடுகளிலும் இதே நிலையெனில் மின்வழங்கல் அலுவலகத்தில் புகார் அளிப்பதே தீர்வு. உங்கள் வீட்டில் மட்டும் எனில், எங்கோ இணைப்பு தளர்ந்திருக்கலாம். இது தீவிபத்துக்கும் வழிவகுக்கக்கூடியது. தாமதமின்றி மின்பணியாளரை அழையுங்கள். மின்வெட்டின்போது மட்டும் விசிறி உறுமலுடன் மெதுவாகச் சுழன்றால், சதுர அலை வகை இன்வெர்ட்டர் காரணமாக இருக்கலாம்.

ஒரே ஒரு விசிறி மட்டும் மெதுவாகச் சுழன்றால், நம் ஐயம் முதலில் மின்தேக்கியின்மேல் விழ வேண்டும். மின்பணியாளர்கள் 'கண்டன்சர்' என்று கூறுவது இதைத்தான். வழக்கமான விசிறி மோட்டாரில் இரு சுருள்கள் உள்ளன. மின்தேக்கி இரண்டாம் சுருளுக்குச் செல்லும் மின்னோட்டத்தின் காலநிலையைச் சற்றே மாற்றி, சுழற்றும் விசையை உண்டாக்குகிறது. வெப்பத்தாலும் வயதாலும் அதன் கொள்ளளவு குறையும்போது விசையும் குறைகிறது. முற்றிலும் பழுதானால் விசிறி உறுமும், சுழலாது. கையால் தள்ளிவிட்டால் மட்டுமே சுழலத் தொடங்கும்.

மின்தேக்கியின்மேல் 2.5 மைக்ரோ ஃபேரட் என்பது போன்ற எண் அச்சிடப்பட்டிருக்கும். அதே அளவுடையதையே மாற்ற வேண்டும். 'பெரியதாகப் போட்டால் வேகம் கூடும்' என்று சிலர் அறிவுரை கூறுவர். அவ்வாறு செய்தால் சுருள் சூடேறி, காலப்போக்கில் மோட்டாரே எரிந்துபோகக்கூடும்.

அடுத்தது வேகக்கட்டுப்பாட்டுக் கருவியான ரெகுலேட்டர். முழு வேகத்தில் வைத்தும் விசிறி மெதுவாக ஓடினால், மின்பணியாளரைக் கொண்டு ரெகுலேட்டரைத் தவிர்த்து நேரடி இணைப்பில் ஓட்டிப் பார்க்கச் சொல்லலாம். வேகம் கூடினால் ரெகுலேட்டரை மட்டும் மாற்றினால் போதும்.

மூன்றாவது பேரிங். விசிறியை நிறுத்தியபின் அது தானாக ஓயும் விதத்தைக் கவனியுங்கள். நல்ல விசிறி மெல்ல மெல்ல வேகம் தணிந்து நிற்கும். சில விநாடிகளிலேயே தடைபட்டு நின்றாலோ, சுழலும்போது கரகரவென ஒலி எழுந்தாலோ, உள்ளே மசகு வறண்டுவிட்டது என்று கொள்ளலாம். மாதக்கணக்கில் ஓடாத விசிறிகளில் மசகு இறுகிப்போவதும் உண்டு. பேரிங்கை மாற்றுவது பணிமனையில் முடிகிற எளிய வேலை.

இவை மூன்றும் சரியாக இருந்தும் வேகம் வரவில்லையெனில், அல்லது சிறிது நேரத்திலேயே மோட்டார் கைவைக்க முடியாத அளவு சூடேறினால், சுருள் பழுதாகியிருக்க வாய்ப்புண்டு.

வேகம் இருந்தும் காற்று இல்லையெனில்

இறக்கையின் முன்விளிம்பைப் பாருங்கள். தூசி தடித்த கோடாகப் படிவது அங்கேதான். அது இறக்கையின் வடிவைக் கெடுத்து, காற்றைத் தள்ளும் திறனைக் குறைக்கிறது. மாதம் ஒருமுறை துடைப்பது நல்லது. துடைக்கும்போது இறக்கையை ஒரு கையால் தாங்கிக்கொள்ளுங்கள். அழுத்தித் துடைத்தால் அதன் சாய்வுக்கோணம் மாறிவிடும். காற்றைக் கீழே தள்ளுவது அந்தச் சாய்வுதான்.

வீடு மாறும்போது இறக்கைகள் வளைவதும், ஒரு விசிறியின் இறக்கை மற்றொன்றில் மாட்டப்படுவதும் உண்டு. எல்லா இறக்கைகளும் ஒரே மட்டத்தில் உள்ளனவா என்று அறிய, ஓர் இறக்கை நுனிக்கும் கூரைக்கும் உள்ள தொலைவை அளந்து, மற்றவற்றுடன் ஒப்பிடுங்கள்.

சுழலும் திசையும் முக்கியமானது. இறக்கையின் உயர்ந்த விளிம்பு முன்னே செல்ல வேண்டும். தாழ்ந்த விளிம்பு பின்தொடர வேண்டும். மின்தேக்கியை மாற்றியபோதோ, சுருளைப் புதிதாகச் சுற்றியபோதோ இணைப்பு மாறிப்போனால் விசிறி எதிர்த்திசையில் சுழலும். வேகம் குறையாது, காற்று மட்டும் மேல்நோக்கிச் செல்லும். பழுதுபார்த்த மறுநாளே காற்று குறைந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

இனி, விசிறி அமைந்த இடம். கூரைக்கும் இறக்கைக்கும் இடையே சுமார் 30 சென்டிமீட்டர் இடைவெளி வேண்டும். அழகுக்காகப் பொய்க்கூரை அமைத்து, விசிறியை அதையொட்டி உயர்த்தினால், மேலிருந்து இழுக்கக் காற்றே இராது. அதேபோல், 1200 மில்லிமீட்டர் விசிறி சுமார் பத்துக்குப் பன்னிரண்டு அடி அறைக்கு ஏற்றது. பெரிய கூடத்திற்கு ஒன்று போதாது. கட்டிலைச் சுற்றிய கொசுவலையும் காற்றைக் கணிசமாகத் தடுக்கும்.

உயிர் முதலில்

சுவரில் உள்ள பொத்தானை நிறுத்தினால் மட்டும் போதாது. பழைய வீடுகளில் பொத்தான் தவறான கம்பியில் இணைக்கப்பட்டிருந்தால், விசிறி நின்றபின்னும் அதில் மின்சாரம் இருக்கும். எனவே முதன்மை மின்துண்டிப்பானை நிறுத்திய பின்னரே விசிறியைத் தொடுங்கள். மின்தேக்கி, மின்சாரம் நின்றபின்னும் சிறிது நேரம் மின்னேற்றத்தைத் தக்கவைத்திருக்கும். துடைப்பதும், எண்ணுவதும், அளப்பதும் நம் பணி. கம்பிகளைத் தொடும் பணியைத் தேர்ந்த மின்பணியாளரிடமே விடுவோம்.

பழுதுபார்ப்பதா, மாற்றுவதா?

மின்தேக்கி, ரெகுலேட்டர், பேரிங் ஆகியவற்றில் ஒன்று பழுதெனில் தயங்காமல் பழுதுபார்க்கலாம். சுருளைப் புதிதாகச் சுற்ற வேண்டியிருந்து, அதன் செலவு புதிய விசிறியின் விலையில் பாதியை நெருங்குமானால், மாற்றுவதே சிக்கனம்.

ஒரு கணக்கைப் பார்ப்போம். 75 வாட் விசிறி நாள்தோறும் 12 மணி நேரம் ஓடினால், 30 நாளில் 27 யூனிட் செலவாகும். பிஎல்டிசி எனப்படும் புதிய வகை மோட்டார் கொண்ட 30 வாட் விசிறிக்கு 10.8 யூனிட் போதும். யூனிட்டுக்கு 6 ரூபாய் என்று கொண்டால் மாதச் சேமிப்பு சுமார் 97 ரூபாய். ஆண்டில் எட்டு மாதம் ஓடினால் சேமிப்பு ஏறத்தாழ 780 ரூபாய். 3,000 ரூபாய் கொடுத்து வாங்கிய விசிறி நான்கு ஆண்டுகளுக்குள் தன் விலையைத் திருப்பித் தந்துவிடும். ஆனால் நாளுக்கு மூன்று மணி நேரமே ஓடும் விருந்தினர் அறையில் அதே தொகை திரும்பப் பதினைந்து ஆண்டுகள் ஆகும். ஆகவே, மாற்றுவதாயின் அதிக நேரம் ஓடும் விசிறியிலிருந்து தொடங்குங்கள். பிஎல்டிசி விசிறியைப் பழைய ரெகுலேட்டருடன் இணைக்கக் கூடாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

2023 ஜனவரி முதல் கூரை மின்விசிறிகளுக்கு நட்சத்திரக் குறியீடு கட்டாயமாக்கப்பட்டுள்ளது. வாங்கும்போது நட்சத்திரங்களை மட்டுமன்றி, நிமிடத்திற்கு எத்தனை கன மீட்டர் காற்றைத் தள்ளும் என்ற எண்ணையும் ஒப்பிடுங்கள். நமக்கு வேண்டியது காற்றுதான்.

விசிறியின் எல்லை

விசிறி அறையைக் குளிர்விப்பதில்லை. நம் வியர்வையை ஆவியாக்கி உடலைக் குளிர்விக்கிறது. நாகபுரியிலோ பிகானேரிலோ அறை வெப்பம் 40 டிகிரியைத் தாண்டும்போது, எவ்வளவு நல்ல விசிறியும் வெப்பக்காற்றையே உடல்மேல் வீசும். அத்தகைய நாள்களில் முதியோருக்கும் நோயுற்றோருக்கும் குழந்தைகளுக்கும் ஈரத்துணி ஒற்றுவதும், அடிக்கடி நீர் கொடுப்பதும், குளிர்ந்த இடத்திற்கு அழைத்துச் செல்வதும் இன்றியமையாதவை. முதியவர் ஒருவர் 'காற்றே வரவில்லை' என்று கூறினால், முதலில் அவர் உடல்நிலையைக் கவனிப்போம். பிறகு விசிறியைப் பார்ப்போம்.

கோடை உச்சமடைந்தபின் மின்பணியாளர் கிடைப்பது அரிது. இவ்வாரமே ஒரு மாலையில் வீட்டிலுள்ள விசிறிகளைத் துடைத்து, சுற்றுகளை எண்ணி, ஓயும் ஒலியைக் கேட்டுப் பார்ப்போம். ஒரு மணி நேரக் கவனம், ஒரு கோடைகால உறக்கத்தைக் காக்கும்.