சீட்டில் கொட்டிய சாம்பார்

பார்சல் சாம்பார் கார் சீட்டில் கவிழ்ந்ததும் பதறிப்போய் துணிசோப்பை எடுத்துத் தேய்க்கிறோம். மஞ்சள் கறை சட்டென்று செங்கல் நிறத்துக்கு மாறுகிறது. பயப்பட வேண்டாம். மஞ்சளில் உள்ள குர்குமின் காரத்தன்மை பட்டால் சிவக்கும். ஆரத்திக்கு மஞ்சள் நீரில் சுண்ணாம்பைக் கலந்ததும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். சோப்பை ஒற்றியெடுத்தால் பழைய மஞ்சள் நிறம் திரும்பிவிடும்.

ஆனால் கறை மட்டும் ஏன் போவதில்லை? குர்குமின் தண்ணீரில் கரையாது, எண்ணெயில் கரையும். தாளித்த எண்ணெய் அதைச் சுமந்துகொண்டு இழைக்குள் இறங்குகிறது. சீட் துணி பெரும்பாலும் பாலியெஸ்டர். அதுவும் தண்ணீரை விலக்கி எண்ணெயை இழுத்துக்கொள்ளும் இழை. எனவே முதலில் எண்ணெயை எடுக்க வேண்டும். ஒரு கிண்ணம் வெதுவெதுப்பான நீரில் பாத்திரம் கழுவும் திரவம் சில சொட்டு போதும். அதன் மூலக்கூறின் ஒரு முனை எண்ணெயைப் பிடிக்கும், மறுமுனை நீரைப் பிடிக்கும். வெள்ளைத் துணியில் தொட்டு, ஓரத்திலிருந்து நடுவை நோக்கி ஒற்றியெடுங்கள். அழுத்தித் தேய்த்தால் கறை பரவும், இழையும் பிசிறாகும்.

தண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். மாலையில் பளிச்சென்று இருந்த சீட்டில் மறுநாள் காலை அதே இடத்தில் பழுப்பு வளையம் தெரியும். அடியில் உள்ள ஸ்பாஞ்ச் குடித்த நீர், மேல்துணி காயக்காய, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதுபோல மேலேறுகிறது. நீர் ஆவியாகிவிட, அது சுமந்துவந்த அழுக்கு துணியில் தங்கிவிடுகிறது.

மிச்சமிருக்கும் மஞ்சளை வெயிலிடம் விடுங்கள். ஒளி பட்டால் குர்குமின் மூலக்கூறு சிதைந்து நிறமிழக்கும். கதவைத் திறந்துவைத்து, நேர் வெயில் படும்படி வண்டியை நிறுத்துங்கள்.